பதினேழாவது தலைமுறையில் காணாமல் போன பாதுகாப்பு

டெங்கு வந்தால் நாம் படுத்த படுக்கையாகி விடுகிறோம். அதே வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டு திரியும் கொசுவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? வணிகவியல் படிக்கிற எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே ஆச்சரியம்தான் :-) பதில் தேடிப் போனதில் ஒரு முப்பது வருடக் கதை கிடைத்தது.

கதை ஆரம்பிப்பது ஒரு பூச்செடியில். 1990-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர், பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சில செடிகளில் பூ வெள்ளையாகப் பூத்தது! புதிதாகச் சேர்த்ததும் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததும் வாயை மூடிக்கொண்டது. 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சின்னப் புழுவை வைத்து, இப்படி வாயடைக்க வைப்பது இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்று காட்டினார்கள். செல் அதைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே வரிசை உள்ள ஆர்.என்.ஏ.வைத் தேடி அழிக்கிறது என்பது அடுத்த சில வருடங்களில் தெளிவானது. இதுதான் ஆர்.என்.ஏ. குறுக்கீடு. 2006-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, கொசுவுக்கு வருவோம். டெங்கு வைரஸின் மரபுப்பொருளே ஆர்.என்.ஏ.தான். அது பெருகும்போது இரட்டை இழை உண்டாகிறது. கொசுவின் செல் அதைக் கண்டுபிடித்து வெட்டுகிறது. ஆனால் முழுதாக ஒழிப்பதில்லை, ஓர் அளவோடு அடக்கி வைக்கிறது. டெங்குவுக்குத் தூரத்துச் சொந்தமான சிண்ட்பிஸ் வைரஸை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், இந்தத் தற்காப்பை முடக்கியபோது கொசுக்களே அதிகம் செத்தன. ஆக, கொசுவும் வைரஸும் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கின்றன. நஷ்டத்தை மட்டும் நம் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்தச் சமரசத்தைக் கலைக்க முயன்றது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு. ஃபயர், மெல்லோவுக்கு இரண்டு வருடம் முன்பே, 1996-ல், கென் ஓல்சனும் மற்றவர்களும் டெங்கு இரண்டாம் வகையின் ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றை, சிண்ட்பிஸ் வைரஸில் ஏற்றிக் கொசுக்களுக்குள் அனுப்பினார்கள். அந்தக் கொசுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் டெங்கு பெருகவில்லை. ஆனால் இது முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குப் போகாது.

2006-ல் அதையும் செய்தார்கள். அலெக்சாண்டர் ஃபிரான்ஸும் சகாக்களும் கொசுவின் மரபணுவிலேயே ஒரு துண்டைச் செருகினார்கள். கொசு ரத்தம் குடித்ததும் அதன் நடுக்குடலில் டெங்குவுக்கு எதிரான இரட்டை இழை ஆர்.என்.ஏ. தயாராகிவிடும். வைரஸ் ரத்தத்தோடு வந்து இறங்குகிற இடமும் அதுதான். வாசலிலேயே அடி! அந்த வம்சத்துக்கு கார்ப்77 என்று பெயர்.

2009-ல் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. பதினேழு தலைமுறை வளர்த்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. செருகிய மரபணு அப்படியே இருக்கிறது, பிழை எதுவும் இல்லை. ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டது. (பெட்டூனியா ஞாபகம் வருகிறதா?) இது ஆய்வுக்கூடக் கூண்டில் நடந்ததால் தெரிந்தது. ஊருக்குள் பறக்கவிட்ட பிறகு நடந்திருந்தால்? ஜனங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துத் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்டிருப்பார்கள். தங்கள் வெற்றி கரைந்துபோனதைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள் பாருங்கள், எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

பிறகு கார்ப்109 என்ற வம்சம் பல தலைமுறை தாக்குப்பிடித்தது. 2014-ல் அந்த முடிவு வெளிவந்தது. ஆனாலும் அது தடுத்தது டெங்குவின் நான்கு வகையில் இரண்டாவதை மட்டுமே. நான்கு வாசல் வீட்டில் ஒரு வாசலுக்குப் பூட்டு. 2020-ல் கலிபோர்னியாவில் ஓமர் அக்பரி குழு நான்கையும் தடுக்கும் கொசுவை உருவாக்கியபோது, அவர்கள் எடுத்த ஆயுதம் குறுக்கீடு அல்ல, எதிர்ப்புரதம்.

ஊருக்குள் முந்திக்கொண்டது வேறொன்று: வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. அதைச் சுமக்கும் கொசுக்களை இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் விட்டதில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. 2022-ல் நம் புதுச்சேரியில் உள்ள மத்திய ஆய்வு மையமும் அத்தகைய கொசுக்களை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது.