கலங்கல் நீர் தெளிவது எப்படி?

2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களுக்கு அருவியாற்று நீர் சுத்திகரித்து வழங்கப்பட்டது. மல்வத்து ஓயா என்று தெற்கில் அழைக்கப்படுவதும் இதே ஆறுதான். கலங்கிய ஆற்று நீரைக் குடிநீராக்கும் எந்த இடத்திலும் முதலில் நடக்கும் பெரிய வேலை, அழுக்கை அடியில் படிய விடுவதே.

நீரில் உள்ள துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்கச் சுமார் இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீற்றர் வண்டலுக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். 0.001 மில்லிமீற்றர் களித்துகளுக்கோ பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிறது. இதை 1851இல் ஸ்டோக்ஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

களித்துகள்கள் மறை மின்னேற்றம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரம் அந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. முதலில் வேகமாகக் கலக்கி, பிறகு மெதுவாகக் கிளறினால் துகள்கள் ஒட்டித் திரளாகி இறங்கும். நம் வீடுகளில் பானையில் தேத்தாங்கொட்டை உரைத்ததும் இதற்காகத்தான். வேகமாகவே கிளறிக்கொண்டிருந்தால் திரள் உடைந்துவிடும். பலர் விடும் பிழை இது.

தாங்கி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நன்றாகத் தெளியும் என்றே எவரும் நினைப்பர். 1904இல் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் அது சரியல்ல என்று விளக்கினார். ஆழம் கூடினால் நீர் தங்கும் நேரம் கூடும். துகள் இறங்க வேண்டிய தூரமும் அதே அளவு கூடும். எனவே தீர்மானிப்பது மேற்பரப்பு. 100 சதுர மீற்றர் பரப்புள்ள தாங்கிக்கு நாளொன்றுக்கு 3000 கன மீற்றர் நீர் வந்தால், மணிக்கு 1.25 மீற்றருக்கு மேல் இறங்கும் துகள் முழுதும் பிடிபடும். மெதுவானவற்றில் ஒரு பகுதி நீரோடு வெளியேறும். திரள்கள் இறங்கும்போது மோதிப் பெருப்பதால் அவற்றுக்கு மட்டும் ஆழமும் சற்று உதவும்.

கழிவுநீரின் இரண்டாம் கட்டத் தாங்கியில் நுண்ணுயிர்ச் சேறு அடர்த்தியானது. அங்கே துகள்கள் தனித்தனியாக இறங்காமல் போர்வைபோல் ஒன்றாகத் தாழும். ஒரு லீற்றர் உருளையில் 30 நிமிடம் வைத்து அந்தப் போர்வையின் மட்டத்தைப் பார்ப்பது நிலையங்களின் அன்றாடச் சோதனை.

வீட்டு மலசலகூடத் தாங்கியும் படிவுத் தாங்கியே. சேறு நிரம்பினால் நீர் தங்க இடமின்றித் திண்மக் கழிவு ஊறற்குழிக்குப் போகும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லில் அங்கிருந்து கிணற்றுக்கு வழி சுலபம்.

தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். அதற்குக் குளோரீன் இட வேண்டும், அல்லது கொதிக்க வைக்க வேண்டும். குடாநாட்டுக் கிணறுகளில் மிகுந்துள்ள நைத்திரேற்று நீரில் கரைந்திருப்பதால் எத்தனை நாள் வைத்தாலும் படியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவுதான் கூடும்.