ஒரு முகவரியும் பல பெயர்களும்: இணைய வரலாற்றில் ஒரு திருப்பம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், வவுனியாவுக்கு வடக்கே அமைந்துள்ளது புளியங்குளம். நெடுங்கேணி வீதி இங்கிருந்தே கிழக்கு நோக்கிப் பிரிகின்றது. ஒருவர் சந்தியை வந்தடைந்தார் என்பதைக் கொண்டு மாத்திரம் அவர் எவ்வூருக்குச் செல்பவர் என அறிய முடியாது. ஊரின் பெயரை அவரே கூறுதல் வேண்டும். இணையமும் தன் வளர்ச்சிப் போக்கில் இத்தகையதொரு சந்தியில் நின்றது.

சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ வகுத்த நெறிமுறை, 1991இல் மிக எளிய வடிவிலேயே இருந்தது. வாசகர் தேடும் தளத்தின் பெயர் முதலில் எண் முகவரியாக மாற்றப்படும். அம்முகவரியிலுள்ள வழங்கிக் கணினியிடம் பக்கத்தின் பாதை மட்டுமே கேட்கப்படும். தளத்தின் பெயர் வழங்கியைச் சென்றடைவதில்லை. எனவே, ஒரே முகவரியில் இரு நிறுவனங்களின் தளங்கள் இருப்பின், வேண்டப்படுவது எது என வழங்கியால் பிரித்தறிய இயலவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனி முகவரி தேவைப்பட்டது. 32 இரும இலக்கங்களாலான முகவரிகளோ ஏறத்தாழ 430 கோடி மட்டுமே.

இதற்குக் கண்ட தீர்வு ஒரேயொரு வரியாகும். 1997 ஜனவரியில் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நெறிமுறை, தளத்தின் பெயரைக் கூறும் ‘ஹோஸ்ற்’ வரியை ஒவ்வொரு வேண்டுகோளிலும் கட்டாயமாக்கிற்று. அப்பாச்சி போன்ற வழங்கிகள் அப்பெயரை நோக்கி, உரிய தளத்தின் பக்கத்தை அளிக்கின்றன. பெயர் எதனுடனும் பொருந்தாவிடின், அப்பாச்சியில் நிரலின் முதலாவது தளமே விடையளிக்கும்.

எனினும், மறைகுறியாக்கப்பட்ட தொடர்புகளில் சிக்கல் மீண்டும் எழுந்தது. ‘ஹோஸ்ற்’ வரியை வாசிக்குமுன்னரே வழங்கி தன் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. எத்தளத்தின் சான்றிதழைக் காட்டுவது? தொடக்கத்திலேயே பெயரை அறிவிக்கும் முறை 2003இல் வகுக்கப்பட்டது. ஆயின், அப்பெயர் வெளிப்படையாகச் சென்றமையால், எவர் எத்தளத்தை நாடினார் என்பதை இடைநிற்போர் அறியலாயிற்று. வசதிக்கு அந்தரங்கம் விலையாயிற்று எனலாம்.

2010இல் ‘.இலங்கை’ என்னும் ஆள்களப் பெயர் நடைமுறைக்கு வந்தது. ‘ஹோஸ்ற்’ வரியில் அது இன்றும் உரோமன் எழுத்துக் குறியீடாக உருமாறியே செல்கின்றது. 2011 பெப்ரவரியில் உலகின் பொது முகவரிக் கையிருப்பு தீர்ந்தது. அதன் பின்னரும் ஒரு சிற்றூர்ப் பாடசாலை தனக்கெனத் தளமொன்றை அமைக்க முடிகின்றதெனின், பிறருடன் முகவரியைப் பகிர்ந்தும் தன் பெயரை இழக்காமையே அதற்குக் காரணமாகும். இடத்தைப் பகிர்வோர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரால் அழைக்கப்படும்போதே அப்பகிர்வு நிலைபெறும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.