முக்கா முனை: நம்மவர் கண்ட முதல் முகம்



பினாங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? லிட்டில் இந்தியாவின் கடைவீதி, அங்கே குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயில், தைப்பூசத் தேர், கொடிமலை ரயில். இவையெல்லாம் நாம் கண்டு பழகியவை. ஆனால் அதே தீவில் நம்மில் பலரும் கால் வைக்காத ஒரு மூலை உண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மண்ணில் கால் வைக்கும் முன்பே கண் வைத்த மூலை அது. தீவின் வடமேற்குக் கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முக்கா முனையைத்தான் சொல்கிறேன். மலாய் மொழியில் 'முக்கா' என்றால் முகம். நம் 'முகம்' என்ற சொல்லும் அதுவும் உறவுச் சொற்கள். பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது விளங்கும்.

இடத்தின் அமைப்பு

ஜார்ஜ் டவுனில் பஸ் ஏறி வடகரை வழியே போனால், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி எல்லாம் தாண்டித் தெலுக் பஹாங் வரும். அங்கே சாலை மலை மேல் திரும்பிப் பாலிக் புலாவ் பக்கம் போய்விடும். முனைக்குச் சாலை கிடையாது. காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். இல்லையென்றால் படகு பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் அடர்ந்த காடு, மறு பக்கம் யானை படுத்ததுபோல் கருங்கல் பாறைகள். பாறைக்கும் பாறைக்கும் நடுவே சிறு சிறு மணல் துறைகள். தெலுக் டுயோங் என்னும் துறையைக் குரங்குக் கடற்கரை என்றும் சொல்வார்கள். அங்கிருந்து செங்குத்தாக மலை ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் 242 மீட்டர் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைக் கட்டிய ஆண்டு 1883.

விளக்கு ஏன் வந்தது?

1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைப் பிடித்தபோது, வந்துபோனவை பாய்மரக் கப்பல்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின. மேற்கே இருந்து வங்கக் கடலைக் கடந்து வரும் கப்பல், சுமத்திராவின் வட கோடியைத் தாண்டி, பினாங்குத் தீவின் இந்த மூலையைச் சுற்றிக்கொண்டுதான் வடக்கு வாயில் வழியாகத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். இரவில் மூலை தெரியாவிட்டால் பாறையில் மோத வேண்டியதுதான். ஆகவே வெள்ளைக்காரன் மலை உச்சியில் விளக்கு வைத்தான். அவன் காப்பாற்ற நினைத்தது கப்பலையும் சரக்கையும். ஆனால் அந்தக் கப்பல்களில் சரக்கோடு சரக்காக வந்தவர்கள் யார்? நம்மவர்கள்தாம்.

கப்பல் தளத்தில் வந்தவர்கள்

பிராவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்துவிட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1907-இல் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுவருவதற்கென்றே ஒரு நிதியை அமைத்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது நின்றது. கங்காணி முறை ஓங்கியது. கங்காணி ஊருக்குப் போவார், ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர்கள் ஆவடி முகாமிலோ, நாகப்பட்டினத்துப் பாப்பாகோவில் முகாமிலோ கப்பலுக்குக் காத்திருப்பார்கள். பிறகு ஏறக்குறைய ஒரு வாரம் கடல் பயணம்.

ரஜூலா, ரோனா என்ற பெயர்களைத் தோட்டத்துப் பழைய ஆட்கள் மறக்கவே மாட்டார்கள். இரண்டும் 1926-இல் கட்டிய இரட்டைப் பிள்ளைகள். சாதிக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் ஒரே தளத்தில், ஒரே கூரையின் கீழே, மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். வாந்தி, மயக்கம், பிள்ளை அழுகை. சுற்றிலும் பார்த்தால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். அப்படிப்பட்ட கண்களுக்கு ஒரு விடியற்காலையில் பச்சைமலை ஒன்று கடலிலிருந்து எழுந்து வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். இரவாக இருந்தால் உச்சியில் ஒற்றை விளக்கு. "கரை தெரியுது, கரை தெரியுது!" என்று ஒருவர் கத்தினால் தளம் முழுக்க எழுந்து நிற்காதா? மலாயா நமக்குக் காட்டிய முதல் முகம் அதுதான்.

ஆனால் முகம் தெரிந்த உடனே வீடு கிடைத்துவிடவில்லை. கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் பலரைப் படகில் ஏற்றித் தீவின் கிழக்கே இருக்கும் ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1870-களில் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் ஏற்பட்டிருந்தது. அம்மை, காலரா இல்லை என்று உறுதியான பிறகுதான் கெடா, பேராக் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். லிட்டில் இந்தியாவின் கதையும் இதே கடலோடு கட்டுண்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், கப்பலுக்கும் கரைக்கும் படகு விட்டவர்களும், செட்டியார் கிட்டங்கிகளும் சேர்ந்துதான் அந்தத் தெருக்கள் வளர்ந்தன.

முனை கண்ட போர்கள்

சூரத்தனமும் தந்திரமும் உள்ள ஆளை 'சரியான எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குக்கு வந்தது. பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, வடக்கு வாயில் வழியாகவே நுழைந்து, செம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. திரும்பும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் கடலுக்குள் அனுப்பியது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை எம்டன் ஆட்களே தூக்கிக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் 1941 டிசம்பர் 11 முதல் பினாங்கில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 19-ஆம் தேதி அவர்கள் தீவுக்குள் வந்துவிட்டார்கள். துறைமுகம் ஜப்பானிய, ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தளமாகியது. 1944 ஜனவரி 11 அன்று, தீவுக்கு வடமேற்கே, ஜப்பானியரின் குமா என்ற போர்க்கப்பலை டாலி-ஹோ என்ற ஆங்கிலேய நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஊர்க் கப்பல் வராது, கடிதம் வராது, தோட்டத்தில் அரிசி கிடையாது என்று நம் குடும்பங்கள் தவித்த காலம் அது. நம்மவரை ஏற்றிவந்த ரோனாவும் 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் குண்டு பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர்களோடு மூழ்கிப்போனது.

போருக்குப் பிறகு ரஜூலா மறுபடியும் ஓடியது. 1970-களில் அதற்கும் ஓய்வு. பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. இப்போது சில மணி நேரத்தில் ஆகாய விமானம் சென்னையில் இறக்கிவிடுகிறது. முனையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஒரே கடல்

என்றாலும் கடல் நம்மை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து எழுந்த சுனாமி பினாங்குத் தீவின் கரைகளில் 52 உயிர்களைக் கொண்டுபோனது. அதே நாளில், நம்மவர் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்தில் மாண்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். ஏறிய துறையும் இறங்கிய தீவும் ஒரே அலையில் அழுதன.

நல்ல உறவும் உண்டு. முனைக்குத் தெற்கே கெராச்சுட் கடற்கரையில் பேராமைகளும் பங்குனி ஆமைகளும் முட்டையிட வருகின்றன. அந்தப் பங்குனி ஆமை இனம் நாகப்பட்டினக் கரையிலும் முட்டையிடுகிறது. கெராச்சுட்டில் ஒரு விசித்திரக் குளமும் உண்டு: மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை.

1928-இல் பந்தாய் ஆச்சே காப்புக்காடாக இருந்த இந்த நிலம், 2003-இல் பினாங்கு தேசியப் பூங்கா ஆனது. நிலப்பரப்பு மட்டும் சுமார் 3,000 ஏக்கர். நம் கணக்கில் சொன்னால் ஒரு பெரிய தோட்டத்தின் அளவு. 2021-இல் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்குமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் இது சேர்ந்துள்ளது. காட்டுக்கும் ஆமைக்கும் காவல் கிடைத்துவிட்டது. நல்ல செய்திதான்.

நம் கடமை

ஆனால் நம் கதைக்கு யார் காவல்? அரசாங்கக் கணக்கில் நம்மவர்கள் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பிள்ளை என்ற எண்களாகத்தான் நிற்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பெயர், ஊர், காரணம் எல்லாம் வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சில்தான் இருந்தது. தோட்டங்கள் துண்டாகி, லயங்கள் இடிந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குச் சிதறும்போது அதுவும் சிதறிப்போகிறது. கப்பலில் வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது நரை கண்டுவிட்டது.

மாணவச் செல்வங்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம வீட்டுல மொத மொதல்ல வந்தது யாரு? எந்தக் கப்பல்ல வந்தாங்க? எந்த ஊரு? எந்தத் தோட்டத்துல மொதல்ல இறங்குனாங்க?" என்று கேளுங்கள். கிடைத்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். பெட்டிக்குள் பழைய கப்பல் சீட்டோ, கடவுச்சீட்டோ, கடிதமோ இருந்தால் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். பெற்றோர்களே, "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்று பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். ஜெரெஜாக்கில் பட்ட கஷ்டத்தைச் சொல்வதில் வெட்கமில்லை. அந்தக் கஷ்டத்தின் மேல்தான் இன்று இந்தப் பரிசளிப்பு விழா மேடை நிற்கிறது.

வசதி இருப்பவர்கள் ஒரு முறை தெலுக் பஹாங் போய், தண்ணீர்ப் புட்டியோடு அந்த மலையில் ஏறிப் பாருங்கள். உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் கடல் ஒன்றுதான் தெரியும். அந்தப் பக்கமிருந்துதான் நாம் வந்தோம். வழிகாட்டும் விளக்கை அன்று கப்பல்காரன் ஏற்றி வைத்தான். வந்த வழியைக் காட்டும் விளக்கை நாம்தான் ஏற்ற வேண்டும்.