பத்மினியின் பெட்ரோல் பம்ப்

பெட்ரோல் பம்ப் என்றதும் மும்பைவாசிகள் நம்ம ஊரில் 'பங்க்' என்று சொல்வதைத்தான் நினைப்பார்கள். நான் சொல்ல வந்தது காருக்குள் இருக்கும் பம்ப். பி.காம். படித்துவிட்டு லோன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

செம்பூரில் மாமனார் வீட்டு வாசலில் 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. அவருக்கு வயது 81. போன மே மாதம் மாட்டுங்கா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சயான் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் வண்டி அசையவில்லை. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். வெயிலில் மாமியாருக்கு மயக்கமே வந்துவிட்டது. மாமனார் பானெட்டைத் திறந்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின் மேல் போட்டார். கால் மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது.

"வித்துடலாம்ப்பா" என்றாள் என் மனைவி. "இப்ப வர்ற கார் மாதிரி டாங்க்குக்குள்ளயே பம்ப் வெச்சுடலாமே தாத்தா" என்றான் மகன். மாமனார் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை விசாரிக்க வைத்தது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். வால்சந்த் ஹீராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை, செம்பூருக்குப் பக்கத்தில் குர்லாவில்தான் இருந்தது. இத்தாலியின் ஃபியட் 1100 காரை உரிமம் வாங்கி இங்கே செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு, 1974ல் அதே காருக்குப் பத்மினி என்று பெயர் வந்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. உற்பத்தி 2000வாக்கில் நின்றது.

இதன் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கிறது. கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோலை அசைக்கும். அது உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தை இழுத்து விடும். பின்னால் இருக்கும் டாங்க்கிலிருந்து பெட்ரோலை இப்படித்தான் உறிஞ்சுகிறது, ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். டிராஃபிக்கில் எஞ்சின் சூடும் சேர்ந்துகொண்டால் பம்புக்குள் ஆவி மட்டுமே மிஞ்சும். இதற்குத்தான் வேப்பர் லாக் என்று பெயர். ஈரத்துணியின் ரகசியமும் இதுதான்.

டாங்க்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் உறிஞ்சாது, தள்ளும். சுற்றிலும் இருக்கும் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும். மகன் சொன்னது தப்பில்லை. மின்சார பம்ப் ஒன்றும் புதுசும் இல்லை. பழைய மோரிஸ் மைனரிலேயே 'டிக் டிக்' என்று சத்தம் போடும் எஸ்.யு. பம்ப் இருந்தது.

குர்லாவில் பழைய வண்டிகளைப் பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனேன்.

"வைக்கலாம் சார். ஆனா டாங்க்க வெட்டுனா வெட்டுனதுதான்" என்றார்.

"காலி டாங்க்தானே அண்ணாச்சி?"

"காலி டாங்க்குதான் சார் ஆபத்து. உள்ள ஆவி நிக்கும். சரியா கழுவாம வெல்டிங் வெச்சா குண்டுதான்."

இன்னொன்றும் சொன்னார். இன்றைய எம்.பி.எஃப்.ஐ. கார்களின் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். பத்மினியின் கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, பெட்ரோல் சூடான சைலன்சர் பைப் மேல் சொட்டும். அப்புறம் தீதான்.

யோசித்துப் பார்த்தால், இந்த ஊர் பத்மினிக்கு எரிபொருளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2000ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. புகை பற்றி 1999ல் போடப்பட்ட பொதுநல வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட, டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறின. டிக்கியில் சிலிண்டர் ஏறியதும் நம் பெட்டிகள் கூரைக் கேரியருக்குப் போயின. எல்லாவற்றுக்கும் அந்த எளிய எஞ்சின் ஈடுகொடுத்தது. கடைசியில் அதை நிறுத்தியது எஞ்சின் கோளாறு அல்ல, 20 வருஷ வயது வரம்பு. 2003 அக்டோபர் 29ல் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸி, 2023 அக்டோபர் 30 முதல் ஓடவில்லை.

சொந்த வண்டிகளுக்கு இப்போது அடுத்த சோதனை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டயாஃப்ரமும் குழாய்களும் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆக, பழையதை அப்படியே விட்டுவைக்கவும் வழியில்லை.

அண்ணாச்சி ஒரு நடுவழி சொன்னார். டாங்க்கை வெட்ட வேண்டாம். டாங்க்குக்குப் பக்கத்திலேயே வெளியே, கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்த மின்சார பம்ப். எத்தனால் தாங்கும் புதுக் குழாய்கள். எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி ஒரு ஸ்விட்ச். விபத்து நடந்தால் பெட்ரோல் கொட்டாமல் இருக்க இது அவசியம். பழைய பம்பைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகடு போட்டு மூடிவிடலாம். வேண்டும் என்கிற நாளில் திரும்பவும் மாட்டிக்கொள்ளலாம். 50 வருஷம் தாண்டிய கார்களை வின்டேஜ் என்று பதிவு செய்யும் 2021 விதியும் சேசிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றாமல் இருக்கச் சொல்கிறது. 1978 வண்டிக்கு அந்த நாள் ரொம்பத் தூரத்தில் இல்லை.

மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "பழைய பம்ப தூக்கிப் போட்டுட மாட்டாரே?" என்றார்.

"மாட்டார் மாமா. துணியில சுத்தி டிக்கியில வெச்சுத் தரேன்னிருக்கார்."

அடுத்த மே மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும். மாமியார் மட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும் என்கிறார்.