ஜேக்கட்டார்: ஒரு வட்டாரச் சொல்லும் அதன் மக்களும்

கனடாவின் கிழக்கு விளிம்பில் அமைந்த நியூபவுண்ட்லாந்துத் தீவின் ஆங்கில வழக்குச் சொற்களைத் தொகுத்த அகராதி 1982இல் வெளிவந்தது. ஸ்டோரி, கர்வின், விடோசன் ஆகிய மூவரும் பதிப்பித்த அந்நூலில் 'ஜேக்கட்டார்' என்றொரு சொல் இடம்பெற்றுள்ளது. பிரெஞ்சு வழியும் மிக்மாக் என்னும் பூர்வகுடி வழியும் கலந்த நியூபவுண்ட்லாந்தர் என்பது அதன் பொருள். அத்தகையோரின் பேச்சையும் அது குறிக்கும். அகராதி தரும் பொருளில் கடுமை இல்லை. ஆயினும் தீவின் மேற்குக் கரையில் அச்சொல் இழிவழக்காகவே நிலவியது. பிறர் இட்ட இழிபெயரை ஒரு மக்களின் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலுமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

இதற்கு விடை காண 1713ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். அதன்படி தீவு முழுவதும் பிரித்தானியருக்கு உரியதாயிற்று. எனினும் கரையின் ஒரு பகுதியில் காட் மீனைப் பிடித்து உலர்த்தும் உரிமை பிரெஞ்சுக்காரரிடமே எஞ்சியது. மீனை உலர்த்துவதற்கு வேண்டிய மேடைகளையும் குடிசைகளையும் தவிர வேறெதையும் அவர்கள் கட்டலாகாது. பருவம் முடிந்தபின் தங்கவும் கூடாது. 1783இல் இக்கரையின் எல்லைகள் மாற்றப்பட்டு மேற்குக் கரை முழுவதும் இதனுள் அடங்கியது. 1904இல்தான் இவ்வுரிமை முடிவுக்கு வந்தது.

சட்டம் இவ்வாறிருக்க, மக்கள் தங்கினர். கப்பல் வேலையின் கொடுமை தாளாது பிரித்தானி இளைஞர் சிலர் தப்பியோடிப் போர்ட் ஓ போர்ட் தீபகற்பத்தில் ஒளிந்தனர். கேப் பிரெட்டனிலிருந்து அக்காடியக் குடும்பங்கள் செயின்ட் ஜார்ஜ் வளைகுடாவுக்குக் குடிபெயர்ந்தன. அங்கு வாழ்ந்த மிக்மாக் மக்களோடு மணவுறவுகள் ஏற்பட்டன. தப்பியோடிய மாலுமி தன் இருப்பை எழுத்தில் பதிந்து வைப்பானா? ஆகவே அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கடற்படை அதிகாரிகளும் சமயகுருக்களும் எழுதியவையே. ஜேக்கட்டார் என்னும் பெயரும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் நாட்குறிப்பில்தான், ஏளனத் தொனியோடு, தலைகாட்டுகிறது.

இச்சொல்லின் எழுத்துவடிவம் ஒன்றாக இல்லை, பலவாறு எழுதப்பட்டுள்ளது. செவிவழி வழங்கிய சொல்லை அயலார் கேட்டவாறு எழுதினர் எனக் கருத இடமுண்டு. ஆங்கிலத்தில் மாலுமியைக் குறிக்கும் 'ஜேக் டார்' இதன் மூலமாகலாம். பிரெஞ்சில் 'ஆ தேர்' என்பது தரைமேல் எனப் பொருள்படுவதால், கரையிலேயே தங்கிவிட்ட ஜேக் என விரிப்பதும் உண்டு. இவ்விளக்கத்தில் சான்றைவிடக் கவர்ச்சியே மிகுதி என்பது நம் கருத்து. இவ்வாறான விளக்கங்களில் நாமும் மாணவப் பருவத்தில் மயங்கியதுண்டு.

இழிபெயருக்கு அஞ்சியோர் தம் வழியை மறைத்தனர். அதற்குப் பிற காரணங்களும் துணைசெய்தன. பள்ளியில் ஆங்கிலமே ஆட்சி செலுத்தியது. 1941இல் ஸ்டீபன்வில்லில் எழுந்த அமெரிக்க விமானத் தளத்தில் வேலை பெறவும் அம்மொழியே தேவைப்பட்டது. லெ பிளாங்க் ஒயிட் ஆனது. பெனுவா பென்னட் ஆனது. ஓக்குவான் ஐரிஷ் பெயர்போல ஓக்வின் ஆனது. ஆயினும் லான்ஸ் ஓ கனார் போன்ற சிற்றூர்களில் பிரெஞ்சு வீட்டுமொழியாக நிலைத்தது. மெமோரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாட்டாரியல் அறிஞர் ஜெரால்டு தாமஸ் அதன் கதைகளைப் பதிவு செய்தார். அவ்வூர் வயலின் கலைஞர் எமில் பெனுவா (1913–1992) தீவுக்கு அப்பாலும் அறியப்பட்டார்.

2011இல் கலிப்பு மிக்மாக் முதற்குடி சட்டப்படி ஏற்கப்பட்டபோது, உறுப்புரிமை வேண்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இத்தொகை அரசே எதிர்பாராதது. ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட பாட்டியின் பெயரைப் பேரப்பிள்ளைகள் தேடினர். தம் வழியை நிறுவ அவர்கள் நாடிய ஆவணங்களுள் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளும் அடங்கும். அவற்றை எழுதியோரும் சமயகுருக்களே.