சென்னையிலிருந்து டெல்லி வழியாக கொல்கத்தா வரை: நந்தகுமார் சேகரின் கால்பந்துப் பயணம்

ஜனக்புரி (புதுடெல்லி): இந்திய கால்பந்தில் ஒரு வீரர் ஓய்வு பெறும் வரை ஒரே அணியில் நீடிப்பது அரிது. வீரர்கள் அணி மாறுவதுடன், சில வேளைகளில் அணிகளே ஊர் மாறுகின்றன, அல்லது களத்திலிருந்து மறைந்து விடுகின்றன. சென்னையைச் சேர்ந்த பக்கவாட்டு நடுகள வீரர் நந்தகுமார் சேகரின் பயணம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். தலைநகர் டெல்லிக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

சென்னையில் தொடக்கம்

1995 டிசம்பர் 20 அன்று பிறந்த நந்தகுமார், 2016-17 சீசனில் ஐ-லீக் போட்டியில் அறிமுகமான சென்னை சிட்டி அணிக்காக விளையாடினார். அந்த அணி 2018-19 சீசனில் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி ஐ-லீக் பட்டம் வென்றது. ஆனால், 2020-21 சீசனுக்குப் பின் ஐ-லீக்கில் அது இடம்பெறவில்லை.

தலைநகரில் இரு சீசன்கள்

2017-18 சீசனில் நந்தகுமார் இந்தியன் சூப்பர் லீக் தொடரின் டெல்லி டைனமோஸ் அணியில் இணைந்தார். ஜவஹர்லால் நேரு மைதானமே அதன் சொந்தக் களம். ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறி, கல்காஜி மந்திரில் மாறினால் மைதானத்தின் வாசலை அடைந்துவிடலாம். எனினும், 2017-18, 2018-19 ஆகிய இரு சீசன்களிலும் அந்த அணி எட்டாம் இடமே பெற்றது.

2019 ஆகஸ்டில் அணி நிர்வாகம் புவனேஸ்வருக்கு இடம்பெயர்ந்து, ‘ஒடிசா எஃப்சி’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பயிற்சியாளர் ஜோசப் கோம்பாவ், நந்தகுமார் உள்ளிட்டோர் புதிய ஊருக்குச் சென்றனர். டெல்லி ரசிகர்கள் தங்கள் அணியை இழந்தனர்.

ஒடிசாவில் முதல் கோப்பை

ஒடிசா அணியில் நந்தகுமார் 2023 வரை விளையாடினார். அந்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் நடைபெற்ற சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியில், ஒடிசா 2-1 என்ற கோல் கணக்கில் பெங்களூரு எஃப்சியை வீழ்த்தியது. அது அந்த அணியின் முதல் பெரிய கோப்பையாகும். அதே ஆண்டில் நந்தகுமார் இந்திய அணிக்காகவும் களமிறங்கினார்.

கொல்கத்தாவில் திருப்பம்

அடுத்து அவர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு மாறினார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில், பரம எதிரியான மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. சுமார் நான்கரை ஆண்டுகளாக மோகன் பகானை வெல்ல இயலாமல் தவித்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு அது மறக்க முடியாத இரவானது. அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் அவர் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பெனால்டி வாய்ப்புகளில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. ஆனால் இறுதிப் போட்டியில் மோகன் பகானே 1-0 என வெற்றி பெற்றது.

2024 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரில் நடைபெற்ற சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியில், முன்னாள் அணியான ஒடிசாவையே நந்தகுமார் எதிர்கொண்டார். ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்தபோது சமன் செய்யும் கோலை அவரே அடித்தார். கூடுதல் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் 3-2 என வென்றது. 2012க்குப் பிறகு அந்த அணி வென்ற முதல் தேசிய அளவிலான கோப்பை அது.

நிலையற்ற தொழில்

கோப்பைகள் கிடைத்தாலும் இத்தொழிலுக்கு உத்தரவாதம் கிடைப்பதில்லை. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்புக்கும் அதன் வணிகப் பங்குதாரருக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையவிருந்த நிலையில், அந்த ஆண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் தொடரின் அடுத்த சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. சில அணிகள் வீரர்களின் ஊதியத்தையும் நிறுத்தின. போட்டிகள் இல்லாவிடில் வருமானமும் இல்லை என்பதை நாடு முழுவதும் உள்ள வீரர்கள் உணர்ந்தனர்.

டெல்லியைப் பொறுத்தவரை, 2023 முதல் பஞ்சாப் எஃப்சி அணி ஜவஹர்லால் நேரு மைதானத்தைச் சொந்தக் களமாகப் பயன்படுத்தியது. தலைநகரில் கால்பந்து மீண்டும் ஒலித்தது. ஆனால் டைனமோஸ் சீருடையில் ஓடிய வீரர்கள் வேறு ஊர்களின் வண்ணங்களை அணிந்து கொண்டனர்.