மிஸ்ர் நாட்டு ஹகீமாக்கள்

பிறந்த குழந்தை அழுததா, அழவில்லையா? கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினாவை நமது ஃபிக்ஹு நூல்கள் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துள்ளன. அழுத குழந்தை உயிரோடு பிறந்த குழந்தை. மறுகணமே அது இறந்துபோயினும் அதற்குப் பெயர் உண்டு, ஜனாஸாத் தொழுகை உண்டு, வாரிசுரிமையும் உண்டு. அந்த முதல் அழுகைக்கு ‘இஸ்திஹ்லால்’ என்று பெயர். அதற்குச் சாட்சி சொல்ல வல்லவர் யார்? பேறு நிகழும் அறையில் ஆண்கள் இரார். ஆகவே ஆண்கள் காண இயலாத செய்திகளில் பெண்களின் சாட்சியம் மட்டுமே போதும் என்று இமாம்கள் தீர்ப்பளித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு பெண்கள் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பேற்றினை உறுதிப்படுத்த நேர்மையுள்ள ஒரே பெண், அதாவது மருத்துவச்சி, சொன்னாற் போதும். ஆயினும் அழுகை பற்றிய அவளது சொல்லை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தொழுகைக்கு ஏற்றார்; சொத்துரிமைக்கு ஏற்கவில்லை. ஒலி வெளியிலிருக்கும் ஆண்களின் காதிலும் விழக்கூடியதன்றோ என்பது அன்னாரின் வாதம். அன்னாரின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் சொத்துரிமைக்கும் அதனை ஏற்றனர்.

மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும் போதெல்லாம் நமக்கு ஒன்று தோன்றுவதுண்டு. சட்டமும் அரசும் எவ்வளவு வலிமை படைத்தவையாயினும் பேற்றறையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளேயிருக்கும் ஒரு பெண் வெளியே வந்து சொன்னாலன்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஸ்ர் நாட்டின் அரசு இவ்வுண்மையைத் தன் தேவைக்காக உணர நேர்ந்தது. அதிலிருந்து பிறந்த ‘ஹகீமா’க்களின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றோம்.

பெண்கள், சிசுக்கள் ஆகியோரின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சி அரபு மொழிக்குப் புதியதன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலேயே குர்துபாவின் அரீப் இப்னு ஸஅத் கரு உருவாதல் பற்றியும் கருவுற்றோர், பிறந்த குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்பைப் பற்றியும் தனி நூல் யாத்தார். அதே நூற்றாண்டில் மூஸில் நகரை அடுத்த பலத் என்னும் ஊரினரான அஹ்மத் அல்பலதீ, மிஸ்ரில் ஃபாத்திமீ அரசின் அமைச்சராயிருந்த இப்னு கில்லிஸுக்காக, கருவுற்றோரும் குழந்தைகளும் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு நூல் எழுதி அளித்தார். கெய்ரோவில் சுல்தான் மன்ஸூர் கலாவூன் கி.பி. 1284-85இல் (ஹிஜ்ரி 683-84) கட்டி முடித்த மாரிஸ்தான் என்னும் மருத்துவமனையில் பெண்களுக்கெனத் தனிக்கூடங்கள் இருந்தன. ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் நெடியவை. அம்மருத்துவமனை நலிந்து, சித்தப்பிரமை கொண்டோரை அடைத்துவைக்கும் இடமாகச் சுருங்கிப் போயிற்று. நூல்கள் ஏட்டில் இருந்தன. வீட்டுப் பெண்களை அவை எட்டவில்லை.

இந்நிலையில் 1805இல் மிஸ்ரின் ஆட்சிக்கு வந்தார் முஹம்மத் அலீ பாஷா. அவருக்குப் பெரும்படை தேவைப்பட்டது. 1820களில் உழவர் மக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கத் தொடங்கினார். சேர்த்த படை நோயால் கரைந்தது. 1825இல் பிரான்ஸிலிருந்து குளோ என்ற இளம் மருத்துவர் வரவழைக்கப்பட்டார். அவரது ஆலோசனையின்படி 1827இல் கெய்ரோவுக்கு வடக்கே அபூ ஸஃபல் என்னுமிடத்திலிருந்த படை மருத்துவமனையை ஒட்டி ஒரு மருத்துவக் கல்லூரி எழுந்தது. முதல் மாணவர்கள் ஏறத்தாழ நூறு பேர். பெரும்பாலோர் அல்அஸ்ஹரில் ஓதியவர்கள். பிணத்தை அறுத்துப் படிப்பதா என்று வெகுண்ட ஒரு மாணவர், பாடவேளையிலேயே குளோவைக் கத்தியால் குத்த முயன்றார் என்பதும் வரலாறு. 1831இல் காலரா பரவியபோது ஆற்றிய பணிக்காகக் குளோவுக்கு ‘பே’ பட்டம் கிடைத்தது.

படையை அரித்த நோய்களுள் ஒன்று மேகநோய். மற்றொன்று நாடு முழுவதும் குழந்தைகளைக் கொண்டுபோன பெரியம்மை. இன்றைய சிசுக்கள்தாம் இருபது ஆண்டு கழித்து வரும் சிப்பாய்கள் என்பது பாஷாவின் கணக்கு. இவ்விரண்டையும் தடுக்க வேண்டுமானால் பெண்களிடம் போகவேண்டும். பெண்களிடம் ஆண் மருத்துவர் போக முடியாது. எனவே பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் பள்ளியொன்று வேண்டும் என்றார் குளோ பே. 1832இல் அது தொடங்கப்பெற்றது. தாய்மார் மீது கொண்ட இரக்கத்தால் விளைந்த பள்ளி இது என்று சிலர் புகழ்ந்து எழுதியிருப்பதை நாம் ஏற்பதற்கில்லை. எண்ணம் படையைப் பற்றியது. விளைவு அதனினும் பெரிதாயிற்று என்பது வேறு செய்தி.

பள்ளி தயார், மாணவியர் எங்கே? எந்த வீட்டாரும் தம் பெண்மக்களை அனுப்ப முன்வரவில்லை. ஆகவே பாஷாவின் ஆட்கள் கெய்ரோவின் அடிமைச் சந்தைக்குப் போய், ஸூடானையும் அபிஸீனியாவையும் சேர்ந்த பத்துச் சிறுமியரை விலைக்கு வாங்கி வந்தார்கள். அரண்மனை அந்தப்புரத்துக் காவலர் இருவரும் உடன் படிக்கச் சேர்க்கப்பட்டனர். இவ்வாறு தொடங்கிற்று, இக்காலத்து அரபுலகில் பெண்களுக்கென அரசு நடத்திய முதல் மருத்துவக் கல்வி! பின்னர் மாரிஸ்தானில் சிகிச்சை பெற்றுத் தேறிப் போக்கிடமில்லாதிருந்த அனாதைச் சிறுமியரும், படைவீரர்களின் பெண்மக்களும் வந்து சேர்ந்தனர். கலாவூன் கட்டிய கட்டிடம் இவ்வகையில் மீண்டும் ஒரு நன்மை செய்தது.

அடிமைப் பெண்ணுக்கு நல்ல முறையில் கல்வி புகட்டி, விடுதலையும் அளித்து, மணமும் செய்துகொள்பவருக்கு இரட்டை நற்கூலி உண்டென்ற நபிமொழியை நம்மவர் அறிவர். கல்விதான் அதில் முதலில் வருகிறது. பாஷாவின் ஆணையிலும் கல்வி இருந்தது. ஆனால் அதனை ஏவியது நற்கூலியின் நாட்டமன்று. சந்தையில் நின்ற அச்சிறுமியர் தாய் தந்தையரிடமிருந்து பறிக்கப்பட்டவர்கள் என்பதை இவ்வரலாற்றைப் படிக்கும் எவரும் மறந்துவிடலாகாது. பொதுவான வரலாற்று நூல்களில் அவர்கள் ‘பத்துப் பேர்’ என்ற எண்ணாகவே நிற்கின்றனர்.

படிப்பு ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் அரபு எழுதவும் படிக்கவும் கழிந்தன. அம்மொழி அவர்களில் பலருக்கு வீட்டு மொழியன்று. அடுத்த நான்கு ஆண்டுகளில் பேறு பார்த்தல், கருவுற்றோரையும் பேறு கழிந்தோரையும் பேணுதல், புண்களுக்குக் கட்டுப்போடுதல், அம்மை குத்துதல், இரத்தம் குத்தி வாங்குதல், அட்டை விடுதல், பொதுவான மருந்துகளைக் கூட்டுதல் ஆகியவை பயிற்றப்பட்டன. பிரெஞ்சு நூல்களை மொழிபெயர்ப்பாளர்கள் அரபாக்கினர்; அஸ்ஹரின் ஷைகுமார்கள் அந்நடையைத் திருத்தினர். அவர்களுள் தலையாயவர் முஹம்மத் இப்னு உமர் அத்தூனிஸீ. இளமையில் ஸூடானின் மேற்கிலுள்ள தார்ஃபூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து அந்நாட்டைப் பற்றி நூல் எழுதியவர் அவர். மருத்துவச் சொற்களுக்கு ஒரு பேரகராதியும் தொகுத்தார். பழைய அரபு மருத்துவ நூல்களில் உறங்கிக் கிடந்த சொற்கள் பல இவரைப் போன்றோர் உழைப்பால் எழுந்து நடமாடின. தாய்மொழியில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று நம்மிடையே இன்னும் கேட்டுக்கொண்டிருப்போர் இதனைக் கவனிப்பார்களாக.

படித்து வெளியேறிய ஹகீமாக்களுக்குக் காத்திருந்த முதல் பெரும்பணி அம்மை குத்துவது. அக்காலத்தில் மருந்து புட்டியில் வரவில்லை. அம்மைப்பால் குத்தப்பட்ட ஒரு குழந்தையின் கையில் ஏறத்தாழ எட்டாம் நாள் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மற்றொரு குழந்தையின் கையில் குத்த வேண்டும். எனவே குத்திக்கொண்டு சென்ற தாய் ஒரு வாரம் கழித்துக் குழந்தையைத் திரும்பவும் கொண்டுவந்தாலன்றிச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் தாய்மார்கள் ஓடி ஒளிந்தனர். கையில் விழும் அந்த வடு, பிற்காலத்தில் படைக்குப் பிடித்துப்போவதற்காக அரசு இடும் அடையாளம் என்று அவர்கள் நம்பினர். இதனை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கணவனையும் மூத்த மகனையும் படைக்குப் பறிகொடுத்தவள், மடியிலிருக்கும் பிள்ளையின் கையை அரசு கேட்கும்போது அஞ்சாமல் என்ன செய்வாள்? அவ்வச்சத்தைத் தணிக்கும் வேலை ஹகீமாவின் மேல் விழுந்தது. அவள் வீட்டுக்குள் போகலாம், தாயின் அருகில் அமரலாம், பேசலாம். அம்மை குத்தும் பழக்கமே துருக்கிப் பெண்களிடம் முன்னரே இருந்ததுதான். முதிய பெண்கள் அம்மை நீரைக் கொட்டை ஓட்டில் கொண்டுவந்து குத்தும் வழக்கத்தை, 1717இல் துருக்கியில் கண்ட மேரி மாண்டேகு என்ற ஆங்கிலேயச் சீமாட்டி தம் நாட்டுக்கு எழுதினார். ஜென்னர் பசுவின் அம்மையைக் கொண்டு புதுமுறை கண்டது 1796இல்.

கெய்ரோ நகரின் பகுதிதோறும் சுகாதார நிலையங்கள் திறக்கப்பட்டபோது மருத்துவரோடு ஹகீமாவும் அங்கே அமர்த்தப்பட்டார். பிறப்புகளைப் பதிய வேண்டும். பெண்கள் இறந்தால் ஹகீமா மையித்தைப் பார்த்துக் காரணத்தை எழுதித் தரவேண்டும். மையித்தை விரைந்து அடக்குவதே சிறப்பென்று பழகிய மக்களுக்கு இது பெருந்தொல்லையாகப் பட்டிருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அதுவரை பேற்றில் மாண்ட பெண்ணின் சாவு அவ்வீட்டின் துக்கம் மட்டுமே. எத்தனை பேர், எதனால், எந்தத் தெருவில் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. இப்பொழுது அது ஏட்டில் ஏறியது. பொதுச் சுகாதார ஆராய்ச்சி என்று இன்று பல்கலைக்கழகங்களில் சொல்லப்படுவதன் அடித்தளமே இந்த எண்ணிக்கைதான். அதனை எழுதியவை, சந்தையில் விலைபேசப்பட்ட கைகள்.

ஏட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர் மருத்துவச்சியரை அரபில் ‘தாயா’ என்பர். (நம் தமிழ்ச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது கண்டு மயங்க வேண்டா, அது பாரசீகத்திலிருந்து சென்ற சொல்.) இந்த தாயாக்களைக் கண்காணிக்கும் பொறுப்பு ஹகீமாக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. காவல்துறையினர் கொண்டுவரும் வழக்குகளில் பெண்களின் உடலைப் பரிசோதித்து, கன்னிமை குறித்தும் கருச்சிதைவு குறித்தும் அவர்கள் அறிக்கை தரவேண்டியிருந்தது. மகளின் மானத்துக்காக வழக்காடிய தகப்பன்மார் இவ்வறிக்கையை நாடி வந்ததும் உண்டு. முன்பு காழியின் முன் சாட்சி சொன்ன மருத்துவச்சியின் இடத்தில் இப்பொழுது அரசின் உத்தியோகஸ்தரான ஹகீமா நின்றார். மருத்துவச்சி அத்தெருவைச் சேர்ந்தவள்; அவளது சொல்லுக்கு அவளுடைய நன்னடத்தையே பிணை. ஹகீமாவின் சொல்லுக்குப் பிணை, பாஷாவின் முத்திரை. நோய் தீர்க்க வந்தவளே துப்பறியவும் வருகிறாள் என்றால், வீட்டுக் கதவு அவளுக்கு முழுவதும் திறக்குமா? இத்தடுமாற்றம் மிஸ்ரோடு முடிந்துபோனதன்று.

அவர்களுக்கு அளிக்கப்பட்ட மதிப்பையும் சொல்லவேண்டும். தேர்ந்தவர்களுக்குப் படையில் ‘முலாஸிம் ஸானி’ என்ற இரண்டாம் லெப்டினன்ட் தரம் வழங்கப்பட்டது. சம்பளமும் உண்டு. ஆனால் யார் மணப்பார்கள்? அதற்கும் அரசே வழி கண்டது. மருத்துவக் கல்லூரியில் தேறியவர்களுக்கு ஹகீமாக்களை நிகாஹ் செய்துவைத்து, கணவனையும் மனைவியையும் ஒரே ஊரில் பணியமர்த்தினர். மணமக்களின் விருப்பத்துக்கு இதில் இடம் குறைவே. நிகாஹில் பெண்ணின் மனமறிதல் பற்றி நம் நூல்கள் பேசுவன எல்லாம் அரசாணையின் முன் வாயடைத்து நின்றன போலும்.

இப்பள்ளி ஈன்ற அறிஞர்களுள் ஜலீலா தம்ரஹான் குறிப்பிடத்தக்கவர். அங்கேயே பயின்று, அங்கேயே ஆசிரியரானவர். 1865இல் தொடங்கப்பெற்ற ‘யஃஸூபுத் திப்’ என்னும் அரபு மருத்துவ இதழில் எழுதினார். பேறு மருத்துவம் பற்றி மாணவியர்க்கு நூலும் இயற்றினார். ஆண்கள் மொழிபெயர்க்க, ஆண்கள் திருத்திய பாடங்களைக் கற்ற ஒரு பரம்பரை, ஒரு தலைமுறைக்குள் தானே எழுதத் தொடங்கிவிட்டது. இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த இடம் இதுவே.

1882இல் ஆங்கிலேயர் மிஸ்ரைப் பிடித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் செலவைக் குறைக்கும் நோக்கோடு கல்வி சுருக்கப்பட்டது. அபூ ஸஃபலிலிருந்து 1837இல் கெய்ரோவின் கஸ்ருல் ஐனீக்கு மாறியிருந்த மருத்துவக் கல்லூரியில் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அரபு இடம் இழந்து ஆங்கிலம் அமர்ந்தது. ஹகீமாக்களின் பள்ளி, ஆங்கிலேயத் தாதியரின் தலைமையில் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பழக்கும் பள்ளியாயிற்று. மருத்துவர்க்கு அடுத்த நிலையில் தாமே முடிவெடுத்துப் பணியாற்றிய பெண்கள், மருத்துவரின் ஏவலுக்குக் காத்திருக்கும் பணியாளராக மாற்றப்பட்டனர். சட்டத்தைவிடப் பாடத்திட்டத்தின் வழியாக ஒருவரைக் கீழிறக்குவது எளிது.

கஸ்ருல் ஐனீ இன்று கெய்ரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. ‘ஹகீம்’ என்னும் சொல் ஞானி என்றும் மருத்துவர் என்றும் பொருள்படும். நம் ஊர்களிலும் யூனானி வைத்தியரை ஹகீம் என்றே அழைக்கிறோம். அதன் பெண்பாலான ‘ஹகீமா’ என்ற சொல் மிஸ்ரின் மருத்துவமனைகளில் இன்றும் வழங்குகிறது. அங்கே அதன் பொருள், தாதி.